தாய்மை நலம்: அகதி முகாமில் கர்ப்பகால நீரிழிவு



நம் வீடுகளில் ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால், அவளுக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளும் என்று வீடே விசாரிக்கத் தொடங்கிவிடுகிறது. தாய்வீட்டிலிருந்து பலகாரம் வருகிறது. மாமியார் வீட்டில் அவளுக்கென்று தனியாகச் சமைக்கிறார்கள். "சர்க்கரை சற்றுக் கூடியிருக்கிறது, சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள்" என்று மருத்துவர் சொன்னால், மறுநாளே சந்தையிலிருந்து கீரையும் அவரைக்காயும் வந்து இறங்கிவிடும்.

இதே அறிவுரையைத் தன் உணவைத் தானே தேர்ந்துகொள்ள இயலாத ஒரு பெண்ணிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? இந்த மாதம் நாம் சிந்திக்க வேண்டிய கேள்வி இதுதான். அந்தப் பெண் அகதி முகாமில் வாழ்பவள். அவளுடைய உணவைப் பங்கீட்டு அட்டை தீர்மானிக்கிறது. வீட்டின் அளவை மூங்கிலும் தார்ப்பாயும் தீர்மானிக்கின்றன. அவள் வயிற்றில் வளரும் குழந்தைக்கோ இவை எதுவும் தெரியாது. நம் வீட்டுக் குழந்தை எப்படி வளர்கிறதோ அப்படியே அதுவும் வளர்கிறது.

பத்து இலட்சம் மக்களின் ஊர்

வங்கதேசத்தின் தென்கோடியில், காக்ஸ் பஜார் மாவட்டத்தின் உக்கியா, தெக்நாஃப் வட்டாரங்களில் ரோஹிங்கியா அகதிகளின் முகாம்கள் இருக்கின்றன. 1990களின் தொடக்கத்திலேயே குத்துப்பாலாங்கில் முகாம் அமைந்துவிட்டது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாளுக்குப் பிறகு மியன்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு இலட்சத்துக்கும் அதிகமானோர் சில மாதங்களுக்குள் எல்லை கடந்து வந்தனர். 2024ஆம் ஆண்டு முடிவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர். உலகின் மிகப் பெரிய அகதிக் குடியிருப்பு என்று பெயர் பெற்ற இடம் இது.

மரங்கள் வெட்டப்பட்ட மணற்குன்றுகளின் மேல் குடில்கள் நெருக்கி அமைந்துள்ளன. பல சந்துகளுக்குள் வண்டி நுழைய முடியாது. நிறைமாதக் கர்ப்பிணிக்கு நள்ளிரவில் வலி எடுத்தால், மண்மூட்டைகளை அடுக்கிய படிகளின் வழியே ஆட்கள் சுமந்துதான் அவளைச் சாலைக்குக் கொண்டு வர வேண்டும். நோய்களுக்குப் பஞ்சமில்லாத இப்படிப்பட்ட இடத்தில் வலியும் காய்ச்சலும் தராத ஒரு நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமா என்று சிலர் கேட்கலாம். வலி தராத காரணத்தாலேயே பேச வேண்டியிருக்கிறது.

இந்த நோய் எப்படி வருகிறது?

கருவைத் தாங்கி நிற்கும் நஞ்சுக்கொடி, குழந்தைக்கு உணவு குறைந்துவிடக் கூடாதே என்று சில இயக்குநீர்களைத் தாயின் இரத்தத்தில் கலக்கிறது. அவை தாயின் உடலில் இன்சுலினின் வேகத்தைத் தணிக்கின்றன. சர்க்கரை சற்று நேரம் கூடுதலாக இரத்தத்தில் தங்கிக் குழந்தையைச் சென்றடைகிறது. கர்ப்பத்தின் ஐந்தாம், ஆறாம் மாதங்களில் இந்தத் தணிப்பு வலுக்கிறது. பெரும்பாலான தாய்மாரின் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டிவிடுகிறது. அவ்வாறு ஈடுகட்ட இயலாதபோது இரத்தத்தில் சர்க்கரை உயர்கிறது. இதுவே கர்ப்பகால நீரிழிவு.

தாயின் இரத்தத்திலுள்ள சர்க்கரை நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் செல்லும். தாயின் இன்சுலின் அப்படிச் செல்லாது. ஆகவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கக் குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அதன் விளைவாகக் குழந்தை கொழுத்து வளர்கிறது. "குண்டுக் குழந்தை" என்று நாம் மகிழ்கிறோம். ஆனால் அந்தக் குழந்தையின் தோள் பிறப்புவழியில் சிக்கிக்கொள்ளக்கூடும். பிறந்தவுடன் தாயிடமிருந்து வந்துகொண்டிருந்த சர்க்கரை நின்றுபோக, அதன் உடலில் இன்சுலின் மட்டும் மிகுந்திருப்பதால் குழந்தையின் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துவிடலாம். தாய்க்கு இரத்தக்கொதிப்பு, பனிக்குட நீர் மிகுதல் ஆகிய தொல்லைகள் கூடும். குழந்தை வயிற்றிலேயே இறக்கும் அபாயமும் உண்டு.

நகரத்து மருத்துவமனையில் தோள் சிக்கிய குழந்தையை வெளிக்கொணரப் பயிற்சி பெற்ற கைகள் இருக்கின்றன. அறுவை அரங்கும் இருக்கிறது. முகாமிலோ கணிசமான பெண்கள் குடிலிலேயே பிள்ளை பெறுகிறார்கள். அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைகள் சிலவே. ஆகவே நகரத்தில் சிக்கலாக மட்டும் முடியும் ஒன்று முகாமில் மரணமாக முடியக்கூடும்.

கண்டறிந்தால் பயன் உண்டா?

உண்டு. ஆஸ்திரேலியாவைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்து 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், இலேசான கர்ப்பகால நீரிழிவு கொண்ட 1,000 பெண்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு உணவு ஆலோசனையும் சர்க்கரைக் கண்காணிப்பும் தேவைப்பட்டால் இன்சுலினும் தரப்பட்டன. மறு பிரிவினருக்கு வழக்கமான பேறுகாலக் கவனிப்பு மட்டும் தரப்பட்டது. குழந்தைக்கு நேர்ந்த கடும் பாதிப்புகள் வழக்கமான கவனிப்பில் 4 விழுக்காடாகவும், சிகிச்சை பெற்றவர்களிடையே 1 விழுக்காடாகவும் இருந்தன. உணவும் கண்காணிப்புமே இந்தச் சிகிச்சையின் பெரும்பகுதி என்பதைக் கவனியுங்கள்.

ஏன் கண்ணில் படுவதில்லை?

இந்நோய் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டாது. அடிக்கடி சிறுநீர் கழித்தல், தாகம், சோர்வு ஆகியவை தோன்றினாலும், கர்ப்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். முகாமில் இன்னொரு துயரமும் சேர்ந்துகொள்கிறது. கழிப்பிடம் தொலைவில் இருட்டில் இருப்பதால், இரவில் அங்கே செல்ல அஞ்சிப் பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். உடல் தரும் எச்சரிக்கையைக்கூட அவர்கள் இவ்வாறு அடக்கிவிட வேண்டியிருக்கிறது.

"மெலிந்த பெண்ணுக்குச் சர்க்கரை வராது" என்ற நம்பிக்கை மற்றொரு திரை. தெற்காசியப் பெண்களுக்குப் பருமன் இல்லாமலேயே கர்ப்பகால நீரிழிவு வருவது நன்கு அறியப்பட்டது. பட்டினிக்கும் நீரிழிவுக்கும்கூட உறவு உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45 குளிர்காலத்தில், நெதர்லாந்தின் ஒரு பகுதியைக் கொடும் பஞ்சம் தாக்கியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஏறத்தாழ 50 வயதில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் சோதித்தபோது, சர்க்கரையைச் சமாளிக்கும் ஆற்றல் அவர்களிடம் குறைந்திருந்தது. தாயின் வயிற்றில் பசித்திருந்த உடல் பிற்காலத்தில் சர்க்கரைக்கு எளிதாக ஆட்படுகிறது. ஆகவே முகாமில் ஒரு கர்ப்பிணியின் பங்கீடு குறைக்கப்படும்போது, இன்னும் பிறவாத ஒரு பெண்ணின் எதிர்காலக் கர்ப்பத்திலும் அதன் நிழல் விழுகிறது.

சென்னை தந்த எளிய சோதனை

கர்ப்பிணிக்கு வழக்கமாகச் செய்யப்படும் சர்க்கரைச் சோதனைக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும். குளுக்கோஸ் கரைசல் குடித்துவிட்டு இரண்டு மூன்று முறை இரத்தம் தர வேண்டும். உணவு உண்டு வந்தவள் திரும்பிப் போய் மறுநாள் வர வேண்டும். குன்றிறங்கி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வரிசையில் நின்று வந்த பெண்ணைப் பார்த்து "நாளைக்கு வா" என்றால், அந்த நாளை வராமலே போய்விடக்கூடும்.

இந்தச் சிக்கலுக்கு நம் சென்னையிலிருந்து ஒரு விடை பிறந்தது என்பதைப் பெருமையோடு சொல்லலாம். 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற நீரிழிவு மருத்துவர் வீ. சேஷய்யாவும் அவருடைய குழுவினரும் ஒரு முறையை வலியுறுத்தினர். கர்ப்பிணி உண்டிருந்தாலும் உண்ணாதிருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். சரியாக இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை இரத்தம் எடுக்க வேண்டும். சர்க்கரை 140 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கர்ப்பகால நீரிழிவு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் மீண்டும் செய்ய வேண்டும். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கையடக்கக் கருவியிலேயே பார்த்துவிடலாம்.

கர்ப்பிணிகள் அனைவருக்கும் இச்சோதனையைச் செய்ய வேண்டும் என்பதில் தமிழகம் முன்னோடியாக விளங்கியது. 2014ஆம் ஆண்டு இந்திய அரசின் வழிகாட்டு நெறிகளிலும் இம்முறை இடம்பெற்றது. முதல் வருகையில் ஒரு முறை, அதில் தெரியாவிட்டால் 24 முதல் 28 வாரங்களுக்குள் மற்றொரு முறை என்பது அதன் கணக்கு. உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பும் 2015ஆம் ஆண்டில் வசதி குறைந்த இடங்களுக்கு இதை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டது.

இதற்கு எதிர்க்கருத்தும் இருக்கிறது. வெறும் வயிற்றில் செய்யும் முழுமையான சோதனையோடு ஒப்பிட்டால் இம்முறை சிலரைத் தவறவிட்டுவிடுகிறது என்று சென்னையிலேயே வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அது நியாயமான எச்சரிக்கைதான். ஆயினும் ஒப்பீட்டை முகாமில் நின்று செய்து பார்க்க வேண்டும். அங்கே பல பெண்களுக்கு முன்னுள்ள தேர்வு, நிறைவான சோதனையா குறைவான சோதனையா என்பதன்று; ஒரு சோதனையா, சோதனையே இல்லையா என்பதாகும்.

பங்கீட்டு அரிசியும் மருத்துவரின் அறிவுரையும்

முகாமின் உணவு உலக உணவுத் திட்டத்தின் பங்கீட்டு அட்டையில் அடங்கியிருக்கிறது. ஆளுக்கு மாதம் 12 டாலர் மதிப்பாக இருந்த இந்த உதவி, நிதிப் பற்றாக்குறையால் 2023 மார்ச்சில் 10 டாலராகவும் ஜூனில் 8 டாலராகவும் குறைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் மீண்டும் உயர்த்தப்பட்டது. 2025 மார்ச்சு தொடக்கத்தில் 6 டாலராகக் குறையும் என்று அறிவிக்கப்பட்டு, அம்மாத இறுதியில் 12 டாலராக இருக்கும் என்று தெரிவிக்கப்பட்டது. கை சுருங்கும்போது எந்தக் குடும்பமும் முதலில் காய்கறியையும் முட்டையையும் மீனையும்தான் கைவிடும். வயிற்றை நிரப்ப அரிசி மட்டும் மிஞ்சும். அரிசிச்சோறு மட்டுமே உணவாகும்போது இரத்தத்தில் சர்க்கரை விரைந்து ஏறுகிறது. எனவே பங்கீட்டைக் குறைக்கும் உத்தரவு கர்ப்பிணியின் இரத்தத்திலும் எழுதப்படுகிறது என்றால் மிகையாகாது.

அப்படியானால் அவளுக்கு என்னதான் சொல்வது? பட்டினி கிடக்கச் சொல்லவே கூடாது. இருக்கும் உணவை வைத்தே செய்யத்தக்கவை சில உள்ளன. ஒரே வேளையில் உண்ணும் சோற்றை மூன்று வேளையாகவும் இடையில் சிற்றுணவாகவும் பகிர்ந்து உண்ணலாம். பருப்பைச் சோற்றுக்கு மேல் ஊற்றும் சாறாக இல்லாமல் கெட்டியாகக் கடைந்து கூடுதலாக உண்ணலாம். கிடைக்கும் கருவாடு, முட்டை, கீரை ஆகியவற்றில் கர்ப்பிணிக்கு முதற்பங்கு தரலாம். முகாம் குடில்களின் கூரைகளில் சுரையும் பூசணியும் படர்வதைக் காணலாம். விதை கொடுத்து அதை ஊக்குவித்த திட்டங்கள் நல்ல பலன் தந்திருக்கின்றன. தேநீரில் சர்க்கரையைக் குறைக்கலாம். உணவுக்குப் பின் சற்று நடப்பதும் உதவும். ஆனால் நெரிசலான சந்துகளில் தயங்காமல் நடக்கப் பெண்களுக்கு வெளிச்சமும் பாதுகாப்பும் வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் பாதியை அந்தப் பெண் செய்யலாம். மறுபாதியைக் கணவரும் மாமியாரும் முகாம் நிர்வாகமும் நன்கொடை நாடுகளும் செய்ய வேண்டும். "சொன்னபடி கேட்கவில்லை" என்று அவளைக் கடிந்துகொள்வதற்கு முன், சொன்னதைச் செய்ய அவளுக்கு வழி இருந்ததா என்று கேட்பதே நியாயம்.

ரமலான் மாதம் பற்றியும் ஒரு சொல். ரோஹிங்கியா மக்கள் நோன்பில் மிகுந்த பற்றுடையவர்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் கர்ப்பிணி நீண்ட நேரம் பட்டினி இருந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழலாம். நோன்பு திறக்கும்போது இனிப்பை மிகுதியாக உண்டால் வெகுவாக ஏறலாம். தனக்கோ குழந்தைக்கோ தீங்கு நேரும் என்று அஞ்சும் கர்ப்பிணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அச்சலுகையைக் குற்ற உணர்வின்றி ஏற்கலாம் என்று முகாமின் ஆலிம்கள் எடுத்துரைத்தால், அது மருத்துவர் சொல்வதைவிட ஆழமாகப் பதியும்.

குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலின்

உணவு மாற்றத்தால் இரண்டு வாரங்களில் சர்க்கரை கட்டுக்குள் வராவிட்டால் மருந்து வேண்டும். சிலருக்கு இன்சுலின் வேண்டும். ஆனால் இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டுமே! பல முகாம்களில் இந்தக் காரணத்தாலேயே நோயாளிகள் ஒரு நாளைக்கு இருமுறை ஊசிக்காக மருத்துவ நிலையத்துக்கு நடக்க நேர்ந்தது.

இதற்கும் ஒரு முகாமே விடை தந்தது. வட கென்யாவின் தகஹலே அகதி முகாமில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் வீடுகளுக்குள் நிலவும் வெப்பத்தை அளந்தார்கள். அது பகலிலும் இரவிலுமாக 25 முதல் 37 பாகை வரை மாறிக்கொண்டிருந்தது. அதே ஏற்ற இறக்கத்தை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி இன்சுலினை நான்கு வாரங்கள் வைத்துப் பார்த்தபோது, அதன் ஆற்றல் குளிரில் வைத்த இன்சுலினுக்கு இணையாகவே இருந்தது. 2021ஆம் ஆண்டு இந்த ஆய்வு வெளியாயிற்று. தக்க பயிற்சி தந்தால், வெயில் படாத இடத்தில் குப்பியை வைத்துக்கொண்டு பெண்கள் குடிலிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது.

பிள்ளை பிறந்த பிறகு

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் புகட்ட வேண்டும். குழந்தையின் சர்க்கரை தாழாமல் காக்க அதுவே முதல் மருந்து. தாய்க்குப் பெரும்பாலும் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிடும். அத்தோடு எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் கர்ப்பகால நீரிழிவு வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர். பிரசவம் ஆன ஆறு வாரத்தில் ஒரு சோதனையும், பின்னர் ஆண்டுதோறும் ஒரு சோதனையும் தேவை.

ஆண்டுதோறும் என்றால், அகதி முகாம் அத்தனை ஆண்டுகள் இருக்குமா என்று கேட்கத் தோன்றும். பாலஸ்தீன அகதிகளைப் பாருங்கள். அவர்களுக்கான ஐ.நா. நிவாரண முகமை 1950 மே முதல் நாள் பணியைத் தொடங்கியது. தற்காலிகமாக எழுந்த கூடாரங்கள் நான்கு தலைமுறைகளைக் கண்டுவிட்டன. அதனால்தான் அம்முகமை 1992ஆம் ஆண்டிலிருந்தே தன் மருத்துவ நிலையங்களில் நீரிழிவுக்கும் இரத்தக்கொதிப்புக்கும் தொடர் சிகிச்சையை ஏற்படுத்தியது. தாயின் கையிலேயே இருக்கும் தாய்-சேய் நலக் கையேட்டை வழங்கியது. 2017ஆம் ஆண்டில் அதைக் கைப்பேசியிலும் பார்க்க வழிசெய்தது. எந்த ஊருக்குத் துரத்தப்பட்டாலும் அவளுடைய சர்க்கரைக் கணக்கு அவளோடு செல்ல வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் காஸாவின் மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்ததைக் கண்ட நமக்கு, தாயின் கையிலிருக்கும் அந்தச் சிறு குறிப்பின் அருமை புரியும்.

நாம் செய்யக் கூடியவை

சகோதரிகளே, முகாம் வாழ்க்கை தமிழ் பேசும் நமக்கு அந்நியமானதன்று. 1983ஆம் ஆண்டிலிருந்து இலங்கைத் தமிழர்கள் மண்டபத்திலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் முகாம்களில் வாழ்ந்து வருகிறார்கள். 1990 அக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் பல்லாண்டுகள் பிள்ளை பெற்று வளர்த்தன.

உங்கள் ஊருக்கு அருகில் இத்தகைய முகாம் இருந்தால், அங்குள்ள கர்ப்பிணிகளிடம் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். முதல் வருகையிலேயே சர்க்கரைச் சோதனையைக் கேட்டுப் பெறட்டும். ஆறாம் மாதத்தில் மீண்டும் ஒரு முறை செய்துகொள்ளட்டும். சர்க்கரை இருந்தது என்றால் பிள்ளை பிறந்த ஆறு வாரத்தில் மறவாமல் மறுசோதனைக்குச் செல்லட்டும். சோதனைக்குப் போகும் இரண்டு மணி நேரம் அவளுடைய மூத்த பிள்ளையை நீங்கள் பார்த்துக்கொண்டால், அதுவும் ஒரு மருத்துவ உதவிதான். அகதிகளுக்கு உணவுப் பொருள் அனுப்பும் அமைப்புகளுக்கு நன்கொடை தருவோர், அரிசியோடு பருப்பும் பயறும் சேர்த்து அனுப்புங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். குளுக்கோஸ் பொட்டலத்துக்கும் சோதனைப் பட்டைகளுக்கும் ஆகும் செலவு சிறிது. அவை காக்கும் உயிர்களோ இரண்டு.

நாடிழந்த பெண்ணுக்கு நாட்டைத் திருப்பித் தருவது நம் கையில் இல்லை. அவளுடைய பிரசவம் ஆபத்தில்லாமல் முடிய வேண்டும் என்பதற்குத் தேவையானவை ஒரு குவளைக் கரைசல், ஒரு துளி இரத்தம், ஒரு கரண்டிப் பருப்பு. இவற்றை அவள் இருக்கும் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது மனிதர்களின் கையில்தான் இருக்கிறது.